பெஞ்சுக்கு வாடகை

வேதபகுதி: யாக்கோபு 2:1-9



இன்று நாம் வாசிக்கக் கேட்ட பகுதியில் யாக்கோபு கடினமான உபதேசம் எதையும் எடுத்துவைக்கவில்லை. ஆராதனை நடக்கும் இடத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரம், உடம்பில் விலையுயர்ந்த துணி. இன்னொருவர் உடுத்தியிருப்பது அழுக்கடைந்த துணி. முதலாமவரை வரவேற்று நல்ல இடத்தில் உட்காரவைக்கிறார்கள். மற்றவரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் காலடியில் தரையைக் காட்டுகிறார்கள். இந்த ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் கர்த்தர் மேல் வைத்திருக்கும் விசுவாசமே சரியில்லை என்கிறார் யாக்கோபு. யார் எங்கே உட்கார்ந்தார் என்பதற்காக விசுவாசத்தையே சந்தேகிப்பதா, இது கொஞ்சம் அதிகமில்லையா என்று கேட்கத் தோன்றும். அதிகம் என்று நினைக்காத ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் இருந்தார்கள். ஃப்ரீ மெத்தடிஸ்ட் சபையார் என்று பெயர். அந்த நாட்டில் இன்றைக்கும் அவர்கள் சிறிய சபைதான். பழைமையைக் கண்டிப்பாகக் காப்பவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் எதை விசுவாசித்தார்கள், அந்த விசுவாசம் ஏன் ஒரு பெஞ்சில் போய் முட்டியது என்பதை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரம். 1825இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு பஃபலோ நகரம் தானிய வியாபாரத்தில் செழித்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்து மெத்தடிஸ்டுகளின் ஆரம்பம் மிக எளியது. போதகர் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றுவார். ஏதாவது ஒரு பண்ணைவீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பாடுவார்கள். இரண்டு தலைமுறைக்குள் அவர்கள் கையில் காசு சேர்ந்தது. நகரத்தில் பெரிய ஆலயம் கட்டினார்கள், ஆர்கன் வைத்தார்கள், சம்பளத்துக்குப் பாடகர்களை அமர்த்தினார்கள். கட்டடத்தோடு கடனும் வந்தது. கடனை அடைக்க அந்தக் காலத்துச் சபைகளுக்குத் தெரிந்த வழி, பெஞ்சுகளை விற்பது அல்லது வருஷ வாடகைக்கு விடுவது. பிரசங்க பீடத்துக்கு எதிரே உள்ள பெஞ்சுக்குக் கூடுதல் வாடகை, தூணுக்குப் பின்னால் இருப்பதற்குக் குறைவு. ஏலம் விட்ட ஆலயங்களும் உண்டு. வாடகை கட்ட முடியாதவர்களுக்குக் கடைசியில் சில பெஞ்சுகள் இருக்கும், அல்லது மாடியில் இடம் கொடுப்பார்கள். கறுப்பினத்தாருக்கு அநேகமாக மாடிதான்.

இதைச் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வட்டி ஏறிக்கொண்டிருந்தது, அதைக் கட்டியாக வேண்டும். கமிட்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு நியாயமாகத் தோன்றியிருக்கும் என்று. ஆலயம் எளிமையாக இருக்கவேண்டும், இருக்கைக்குக் காசு வாங்கக்கூடாது என்று மெத்தடிஸ்டுகளின் சொந்தச் சட்டப் புத்தகமே ஒரு காலத்தில் சொல்லியிருந்தது. அதையும் மெல்லத் தளர்த்திக்கொண்டார்கள்.

அந்த பஃபலோ நகரத்தின் நயாகரா தெரு ஆலயத்துக்குப் போதகராக அனுப்பப்பட்டவர் பெஞ்சமின் டைட்டஸ் ராபர்ட்ஸ். 1823இல் பிறந்தவர். வக்கீல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். கடனில் மூழ்கிக்கிடந்த அந்த ஆலயத்தில் அவர் சொன்ன யோசனை, பெஞ்சுகளை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்பது. கடனுக்கு வழி கேட்ட இடத்தில், இருக்கிற வருமானத்தையும் விடச் சொன்னார். கேட்டவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

1857இல் ஒரு பத்திரிகையில் அவர் கட்டுரை எழுதினார். மெத்தடிஸ்டுகளுக்குள்ளே புதிதாக ஒரு மார்க்கம் முளைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அந்தப் புதிய மார்க்கத்தாரின் உபதேசத்தில் என்ன குறைகிறது என்று முதலில் சொன்னார். பிறகு அவர்கள் ஆலயத்துக்குப் பணம் சேர்க்கும் வழிகளை வரிசையாக எடுத்துச் சொன்னார்: பெஞ்சு வாடகை, விருந்துச் சீட்டு, சந்தை, குலுக்கல். நம்முடைய அறுப்பின் பண்டிகை ஏலத்தை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! ஒரு பூசணிக்காயை மூவாயிரத்துக்குக் கேட்டு எடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது நாம் எழுப்பும் கைதட்டலை அவர் கேட்கவில்லை. அது போகட்டும்.

கட்டுரைக்காக அந்த வட்டார மெத்தடிஸ்ட் போதகர்களின் மாநாடு அவரை விசாரித்தது. கிறிஸ்தவத்துக்குத் தகாத, ஒழுக்கக்கேடான நடத்தை என்பது குற்றச்சாட்டு. குற்றவாளி என்று தீர்த்துக் கண்டித்தார்கள். கண்டித்த கையோடு பெக்கின் என்ற சிற்றூருக்கு அவரையே போதகராக நியமித்தார்கள்! ஒழுக்கம் கெட்டவர் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் ஒரு சபையை அவர் கையில் ஒப்படைத்திருப்பார்களா? அடுத்த வருஷம் ஒரு சபை விசுவாசி அந்தக் கட்டுரையை மறுபடி அச்சிட்டு, விசாரணை நடந்த விதத்தையும் சேர்த்து வெளியிட்டார். அந்தப் பழியும் ராபர்ட்ஸ் மேல் விழுந்தது. 1858இல் ஊழியத்திலிருந்தும் சபையிலிருந்தும் அவரை நீக்கினார்கள். மேல்முறையீடு செய்தார். 1860இல் பஃபலோவிலேயே கூடிய பொது மாநாடு அதை ஏற்கவில்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 23ஆம் தேதி, பெக்கினில் நடந்த ஒரு கூட்டத்தில் ஃப்ரீ மெத்தடிஸ்ட் சபை தொடங்கியது. வந்தவர்களில் போதகர்கள் கொஞ்சம்பேர்தான். பெரும்பாலோர் விவசாயிகள், சாதாரண விசுவாசிகள். அந்தச் சபையின் மாநாடுகளில் போதகர்கள் எத்தனை பேரோ அத்தனை விசுவாசிகளும் ஓட்டுப்போடுவார்கள் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தலைவருக்குப் பேராயர் என்ற பட்டம் கொடுக்கவில்லை. பொதுக் கண்காணிப்பாளர் என்றே அழைத்தார்கள். அது மாறப் பல ஆண்டுகள் ஆயின.

இனி அவர்களுடைய விசுவாசத்துக்கு வருகிறேன். புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்ததை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் மரித்தார்; சிலருக்கு மட்டும் என்று தேவன் முன்குறித்து ஒதுக்கவில்லை. மனந்திரும்புகிறவன் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான், மறுபடியும் பிறக்கிறான். கிருபையை அலட்சியம் செய்தால் விழுந்துபோகவும் கூடும். இவ்வளவும் நீங்கள் அறிந்ததுதான். அவர்கள் அழுத்திச் சொன்னது இதற்கு அடுத்த படி. மன்னிப்புப் பெற்ற பின்பும் இருதயத்தில் பாவத்தின் வேர் இருக்கிறது. அதையும் தேவன் இந்த ஜீவியத்திலேயே எடுத்துப்போட்டு, தேவ அன்பினாலும் பிறரன்பினாலும் இருதயத்தை நிரப்ப வல்லவர். இதைப் பூரண பரிசுத்தமாகுதல் என்கிறோம். வெஸ்லி 1766இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அறியாமை போய்விடும், நோய் வராது, சோதனை நெருங்காது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அன்புக்கு எதிரான நோக்கம் இருதயத்தில் இராதபடி தேவன் செய்ய முடியும் என்றார்.

ராபர்ட்ஸ் காலத்தில் பல மெத்தடிஸ்ட் போதகர்களுக்கு இந்தப் போதனை ஒரு சங்கடமாகிவிட்டது. படித்தவர்கள் நிறைந்த நகரத்துச் சபையில், உங்கள் இருதயத்தில் இன்னும் வேர் இருக்கிறது என்று யார் சொல்வது? மன்னிப்பு கிடைத்தபோதே எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டால் கேட்பவருக்கும் சௌகரியம், சொல்பவருக்கும் சௌகரியம். ராபர்ட்ஸ் இதைத்தான் முதல் குறையாகச் சொன்னார். பெஞ்சு வாடகையை அதன் பக்கத்திலேயே வைத்துப் பேசினார். உபதேசக் குறையையும் பணக் குறையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்று அவருடைய எதிரிகள் நினைத்திருக்கலாம். அவர் சேர்த்தது சரியென்றே நான் சொல்வேன். பரிசுத்தம் என்பது அன்பு இருதயத்தை நிரப்புவது என்றால், அந்த அன்பு நிஜமா என்று பார்க்கும் இடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன்தான். உபவாசத்தில் நடிக்கலாம், கண்ணீரில் நடிக்கலாம், அந்நியபாஷையில்கூட நடிக்கலாம். நல்ல இடத்தை எழுந்து கொடுப்பதில் நடிப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. கொடுத்தீர்கள் அல்லது கொடுக்கவில்லை.

அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்குகளை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களுடைய ஆலயத்தில் ஒரு பெஞ்சும் வாடகைக்கு இல்லை. மனிதனை அடிமையாக வாங்கவோ விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது உறுப்பினருக்கான விதி. உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு முந்தின வருஷம் இது என்பதை நினைவில் வையுங்கள். மதுவும் புகையிலையும் கூடாது. ரகசியச் சங்கங்களில் சேரக்கூடாது. நகரத்துப் பெரிய மனிதர்கள் சபைக்கு வெளியே ரகசியச் சங்கத்தின் லாட்ஜ் என்ற கூடத்தில் கூடி, கைகுலுக்கி, சபைக் காரியத்தை அங்கேயே முடித்துவிட்டு வருவதாக அந்தப் பகுதியில் பேச்சு இருந்தது. 1826இல் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் ரகசியங்களை அச்சிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் என்பவர் கடத்தப்பட்டுக் காணாமல்போனதும் அதே மேற்கு நியூயார்க்கில்தான். ஆராதனையில் வாத்தியக் கருவியும் பாடகர் குழுவும் வேண்டாம் என்றார்கள். சம்பளப் பாடகர் பாடச் சபை வாய்மூடிக் கேட்கும் காட்சியைப் பார்த்தவர்கள் அவர்கள். எல்லாரும் வாய்திறந்து பாட வேண்டும் என்று விரும்பினார்கள். 1943 வரைக்கும் அவர்களுடைய ஆலயங்களில் பியானோவுக்கோ ஆர்கனுக்கோ அனுமதி கிடையாது. பாடகர் குழுவில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம், உங்கள் கீபோர்டை நான் கேட்கப்போவதில்லை.

உடை விஷயத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பொன், முத்து, ஆடம்பர உடை எதுவும் கூடாது என்றார்கள். நம் ஊரில் நகை கழற்றிய விசுவாசிகளை நாம் கேலி பேசுவதுண்டு. நகை வேண்டாம் என்ற அந்தப் பெந்தெகொஸ்தே பழக்கத்துக்கு ஒரு வேர், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய இந்தப் பரிசுத்த இயக்கத்தில் இருக்கிறது. அலங்காரம் பெருமையை வளர்க்கும் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். வெஸ்லி இன்னொரு காரணமும் சொன்னார். துணியில் போட்ட பணம் ஏழையின் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டிய பணம். இதோடு பெஞ்சைச் சேர்த்துப் பாருங்கள். வாடகையை எடுத்துவிட்டால் ஏழைப் பெண் உள்ளே வந்து முன்வரிசையில் உட்காரலாம். அந்த வரிசை முழுக்கப் பட்டும் பொன்னுமாக மினுங்கினால் அவள் உட்காருவாளா? தானாகவே கடைசிக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாடகையை நிறுத்தின சபை, உடையையும் எளிமையாக்கினால்தான் அந்தப் பெஞ்சு நிஜமாகவே எல்லாருக்கும் திறக்கிறது. அணிகிறவளின் ஆத்துமாவைக் காப்பது அந்த விதியின் ஒரு பாதி, பக்கத்தில் உட்காரப்போகிறவளின் கூச்சத்தைப் போக்குவது மறுபாதி என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த மறுபாதியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இப்படிப்பட்ட சபைகளின் சரித்திரமே சாட்சி. விதி மட்டும் மிஞ்சும். யாருடைய சட்டைக் கை எவ்வளவு நீளம், யாருடைய விரலில் கல்யாண மோதிரம் இருக்கிறது என்று அளக்கத் தொடங்குவார்கள். எளிய உடை உடுத்துகிறவரே முன்வரிசைக்கு உரியவர் ஆகிவிடுவார். புதிதாக வருகிற நாகரிக உடைக்காரி கடைசிக்குத் தள்ளப்படுவாள். யாக்கோபின் காட்சி திரும்பவும் நடக்கும், ஆள் மட்டும் மாறியிருக்கும். இடத்தைக் காட்டும் கை அதேதான்.

ராபர்ட்ஸ் தன் சொந்தச் சபையிலேயே இந்தக் கையோடு மோத வேண்டியிருந்தது. பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1890இல் கூடிய பொது மாநாட்டில் அதற்காகப் பேசினார். மாநாடு மறுத்துவிட்டது. அடுத்த வருஷமே அதைப் பற்றி வேத ஆதாரங்களோடு ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். 1893இல் மரித்தார். பெண்களுக்கு முழுமையான குருப்பட்டம் கொடுக்க அந்தச் சபை 1974 வரை எடுத்துக்கொண்டது. பெஞ்சைத் திறந்துவிட்டவர்களுக்குப் பிரசங்க பீடத்தை முழுவதும் திறக்க 114 வருஷம் ஆயிற்று. நான் இதை அவர்களைக் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. நாம் எந்தக் கதவைத் திறந்ததற்காகப் பெருமைப்படுகிறோமோ, அதற்குப் பக்கத்துக் கதவில் நம்முடைய பூட்டே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சபையார் 1881 முதல் நம் நாட்டிலும் ஊழியம் செய்தார்கள். மகாராஷ்டிரத்தின் யவத்மால் அவர்களுடைய முக்கிய இடமாக இருந்தது. இன்று புணேயில் இருக்கும் யூனியன் பிப்ளிகல் செமினரி 1953இல் அந்த யவத்மாலில்தான் தொடங்கியது. கேட்காவில் முக்தி மிஷனை நடத்திய பண்டித ரமாபாயின் மகள் மனோரமாபாய், நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட்ஸ் ஆரம்பித்த பள்ளியில் படித்தவர். கைவிடப்பட்ட விதவைகளுக்காக உழைத்த ஒரு தாய், மகளை எத்தனையோ பெரிய கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கலாம். நகை அணியாத, பெஞ்சுக்குக் காசு வாங்காத இந்தச் சிறிய சபையின் பள்ளிக்கு அவள் போய்ச் சேர்ந்ததை யோசித்துப் பார்க்கிறேன்.

நம் தமிழ்ச் சபைகளில் பெஞ்சுக்கு வாடகை வாங்கவில்லையே என்று நீங்கள் ஆறுதல் அடைவதற்கு முன்பு ஒரு காரியம். நமக்குக் காசு தேவைப்படவில்லை. பிறப்பே போதுமாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தை 1872இல் கட்டியபோது, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு பகுதியாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் மேல்சாதியார், மறுபக்கம் மற்றவர்கள், நடுவில் சுவர். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். 1910இல் குருமார் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. கத்தோலிக்கர் கதைதானே என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமான புராட்டஸ்டண்ட் விசுவாசிகள் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டுப் போனார்கள்.

வடக்கன்குளத்துச் சுவர் விழுந்த அதே 1910இல், அமெரிக்காவில் ராபர்ட்ஸை நீக்கிய மாநாடு, அவரிடமிருந்து பறித்த குருப்பட்டச் சான்றுகளைத் திரும்பக் கொடுத்தது. வாங்கிக்கொண்டது அவருடைய மகன். ராபர்ட்ஸ் மரித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. தவறு நடந்துவிட்டது என்று அந்த மாநாடு ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் வாடகைப் பெஞ்சுகள் இருந்த அந்தக் காலத்தில், வாசல் வரை வந்து திரும்பிப் போனவர்களுக்கு எந்தச் சான்றை யார் கொடுக்க முடியும்? அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்போது நம் ஆலயத்தைச் சுற்றிப் பாருங்கள். பெஞ்சுகளின் முதுகில் பெயர்கள் இருக்கின்றன. மின்விசிறியின் இறக்கையில் பெயர் சுற்றுகிறது. தாத்தாவின் நினைவாகப் பேரன்மார் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. கொடுத்த மனதை நான் மதிக்கிறேன். அந்தத் தாத்தாக்களில் பலர் பனையேறிச் சேர்த்த காசில் இந்தச் சபையை வளர்த்தவர்கள். ஆனாலும் முதன்முதலாக இந்த ஆலயத்துக்கு வரும் ஒருவர், ஒரு குடும்பத்தின் பெயர் எழுதிய பெஞ்சில் உட்காரும்போது என்ன நினைப்பார்? பண்டிகை நாளில் முன்னால் போடும் அந்த மெத்தை நாற்காலிகள் யாருக்காக? அதில் உட்காருகிறவர்களின் விரலில் எது இருக்கிறது என்று யாக்கோபு பார்க்காமல் போவாரா? பூரண பரிசுத்தத்துக்காக நாம் ஜெபிக்கிறோம். ஜெபித்துவிட்டு எழுந்திருக்கும்போது எந்த இடத்துக்குத் திரும்பிப்போகிறோம்?

பெஞ்சுகளில் உள்ள பெயர்களைப் பற்றி அடுத்த மாதம் சேகரக் கமிட்டியில் பேசுவோம். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்குத் தெரியும். மெத்தை நாற்காலிகளுக்குக் கமிட்டி வேண்டியதில்லை. அவற்றை இந்த வாரமே முதியோருக்கான பகுதிக்கு மாற்றும்படி கோயில்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலியோடு வருகிறவர்கள் இனி அதில் உட்காருங்கள்.

இன்றைய திருவிருந்துக்கு ஒரு சிறிய மாற்றம். வழக்கமாக முன்வரிசையிலிருந்து எழுந்து வருகிறீர்கள். இன்று கடைசிப் பெஞ்சில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். கதவோரத்தில் நிற்பவர்களும், வெளியே பந்தலில் இருப்பவர்களும் அவர்களோடு சேர்ந்தே வரட்டும். முன்வரிசையில் இருப்பவர்களும் கமிட்டி அங்கத்தினர்களும் கடைசியில் வாருங்கள். கொஞ்சம் நேரமாகும். காத்திருங்கள்.

ஜெபிப்போம்.